அணுகுண்டுக்குக் குரல் கொடுத்தவர்கள்

வேலப்போடியும் வசந்தாதேவியும் புருசன் பெண்சாதி என்பது, இரண்டு பேரையும் என் படத்துக்குத் தெரிவு செய்து, பெயர் எழுதி, கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

அது 2010ஆம் ஆண்டு. சண்டை முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாங்கேணி மீனவர் சங்கக் கட்டடத்துக்கு நான் குரல் தேடிப் போயிருந்தேன். என் பெயர் கலாஜினி. கிரான்காரி. பாடசாலையில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தவள். குரல் தேடி அலைய வேண்டிய வேலை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கு வராத நிறுவனமில்லை. தோணி கொடுத்தார்கள், தையல் மெசின் கொடுத்தார்கள், கை கழுவுவது எப்படி என்று பாட்டுப் படித்துக் காட்டினார்கள். சண்டை முடிந்தபோது கொடுக்கிற பொருளெல்லாம் தீர்ந்து, கருத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படி ஒரு நிறுவனம், ஆண் பெண் சமத்துவத்தையும் சமாதானத்தையும் பற்றி, பெரியவர்கள் பார்க்கக்கூடிய பத்து நிமிடக் காட்டூன் படம் ஒன்று வேண்டுமென்று அறிவித்தது. மட்டக்களப்பு நகரத்தில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்த பிரட்லி அண்ணனும் அவருடைய மனைவி கிளோடியா அக்காவும் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். அவர் சத்தம் பிடிப்பார், அவ படத்தை வெட்டி ஒட்டுவா. வரைவதற்கு நான்.

நான் எழுதிக் கொடுத்த கதை இதுதான். ஒரு வாவி. கிழக்குக் கரை பெண்நாடு, மேற்குக் கரை ஆண்நாடு. சண்டை எதற்காகத் தொடங்கியது என்று இரண்டு நாட்டிலும் ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் எந்தத் திகதியில் தொடங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு இரண்டு கரையிலும் விடுமுறை. ஆளுக்கோர் அணுகுண்டு. ஆண்நாட்டுக் குண்டு பெரிய கொட்டிலுக்குள் துருப்பிடித்துக் கிடக்கும். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அமைச்சரவை ஏழு வருடமாகக் கூடிக்கொண்டிருக்கும். பெண்நாட்டுக் குண்டு அடுப்படித் தட்டில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில், தூசு படாமல் துணி போர்த்தி இருக்கும். வாவியில் நடக்கிற ஒரே கள்ளக்கடத்தல் புருசன்மார்தான். பொழுது பட்டால் மேற்கிலிருந்து தோணிகள் வெளிச்சமில்லாமல் புறப்படும். பெண்நாட்டுக் கடற்படை மறித்து, இடுப்புச் சாரனைப் பறிமுதல் செய்துவிட்டு, ஆளை மட்டும் உள்ளே விடும். நடுவில் ஒரு முதலை, நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் நடப்பதைக் கொப்பியில் எழுதும். எழுதி முடிந்ததும் தண்ணீருக்குள் போய்விடும். கடைசியில் இரண்டு நாட்டு அதிபர்களும் தொலைபேசியில் பேசுகிறார்கள், பேச்சு முறிகிறது, இரண்டு பேரும் பொத்தானை அமத்துகிறார்கள்.

நிறுவனத்தில் முதலையைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்கள். அது இயற்கைக் காட்சி என்று எழுதி அனுப்பினேன். வேலை கிடைத்துவிட்டது.

நகரத்தில் நாடகக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வாயைத் திறந்தால் ராசாவும் மந்திரியுமாகத்தான் பேசினார்கள். எனக்கு வேண்டியது கடற்கரையில் நின்று கத்திப் பழகிய குரல். அதனால்தான் மாங்கேணி.

சங்கக் கட்டடத்தில் முப்பது பேர் வந்திருந்தார்கள். "எங்கள் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு" என்ற வசனத்தை ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னேன். கூட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து எழும்பிய வேலப்போடிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சங்க அறிவித்தல்களை ஒலிபெருக்கி இல்லாமலே சொல்லுகிறவர். அவர் அந்த வசனத்தைச் சொன்னபோது கூரையிலிருந்து ஒரு புறா எழும்பிப் பறந்தது. அந்தக் கோடியிலிருந்து எழும்பிய வசந்தாதேவி மாதர் சங்கத் தலைவி. அவ கத்தவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, சோற்றில் கல் பொறுக்குவது மாதிரிச் சொன்னா. கேட்ட எனக்கே ஏதோ பிழை செய்துவிட்டது போலிருந்தது.

இவர்கள்தான் அதிபர்கள் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். சங்கச் செயலாளர் இளையதம்பி என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்த ரெண்டு பேரையும் ஒண்டாக் கதைக்க வைக்கப் போறீங்களா?"

"ஓம். ஏன்?"

"அவங்க புருசன் பொஞ்சாதி."

"அப்ப இன்னும் நல்லதுதானே."

"என்னத்தச் சொல்ல," என்று இளையதம்பி தலையைச் சொறிந்தார். "அவங்க கதைச்சு ஆறு வருசம் ஆகப் போகுது."

சுனாமி நாள். ஞாயிற்றுக்கிழமை காலை. வேலப்போடி கரையில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டு நின்றார். கடல் எழும்பி வருவதைக் கண்டு ஓடினார். ஓடுகிற வழியில் அவருடைய வீடு. வீட்டு முற்றத்தில் தோணி என்ஜின் சாத்தி வைத்திருந்தது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தொடர்ந்து ஓடினார். குசினிக்குள் இருந்த வசந்தாதேவி சத்தம் கேட்டு வெளியே வந்தபோது கண்டது புருசனுடைய முதுகையும் அதற்கு மேலே என்ஜினையும். பிறகு தண்ணீர். அவ கஜு மரத்தில் தொற்றிப் பிழைத்துக்கொண்டா. மூன்று மணித்தியாலம் கழித்து வேலப்போடி திரும்பி வந்து, மரத்தடியில் நின்று, மேலே பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "என்ஜினுக்கு ஒண்டுமில்ல."

அன்றைக்குப் பேச்சு நின்றது. நின்றது நின்றதுதான். 2006 கடைசியில் பீரங்கிச் செல்லடி தொடங்கி ஊரே காட்டு வழியால் நடந்தபோது, இரண்டு பேரும் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு, இருபது அடி தள்ளி, ஒரு வார்த்தை கதைக்காமல் நடந்தார்களாம். கிரான் முகாமில் ஒரே தறப்பாள் கொட்டிலுக்குள் பல மாதம் கதைக்காமல் இருந்தார்களாம். கட்டாரில் இருக்கிற மகன் றஜீவன் இரண்டு பேருக்கும் வேறு வேறு போன் அனுப்பியிருந்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே விசயத்தை இரண்டு தடவை சொல்லுவானாம்.

அடுத்த நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. அவர்கள் குடும்பம் நடத்துவது அந்த ஆட்டின் மூலமாகத்தான் என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கியது.

"ஆடே," என்றா வசந்தாதேவி, அடுப்படி வாசலில் நின்றபடி. "தங்கச்சி வந்திரிக்கா. கதிரையில கிடக்கிற வலையை ஆரும் எடுத்தா, அவ இரிப்பா."

வேலப்போடி வலையை எடுத்தார். "ஆடே, தேத்தண்ணிக்குச் சீனி குறைச்சுப் போடட்டாம். எனக்கு நேத்துத் தித்திச்சிப் போச்சு."

ஆடு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. பழகிப்போயிருந்தது.

நான் விசயத்தைச் சொன்னேன். ஒருவருக்கொருவர் வசனம் சொல்ல வேண்டும், கோபமாகச் சொல்ல வேண்டும். வேலப்போடி கையிலிருந்த வலையை வேலியில் போட்டார்.

"ஆடே, எனக்கெண்டா ஆட்சேபணை இல்ல. எழுதினத்த வாசிக்கிறதுதானே. அது கதைக்கிறதில்ல."

"நானும் அதத்தான் சொல்ல நினைச்சன்," என்றா வசந்தாதேவி, ஆட்டிடம்.

ஒலிப்பதிவுக்கு அவர்கள் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அவ முன் கதவால் இறங்கினா, அவர் பின் கதவால். ஸ்டூடியோ அறை சின்னது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டியிருந்தது. இரண்டு மைக்கில் ஒன்று முந்தின கிழமைதான் எரிந்துபோயிருந்தது. ஒரே மைக்குக்கு முன்னால் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நிற்க வேண்டும் என்றதும், வசந்தாதேவி கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டிவிட்டா. கிளோடியா அக்கா ஓடிப்போய் ரோசாப்பூப் போட்ட கட்டில் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டா. மைக் மட்டும் விரிப்புக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

முதலைக்குக் குரல் பிரட்லி அண்ணன். அவர் மூலையில் காதில் ஹெட்போனுடன் உட்கார்ந்து, தன் முறை வரும்போது எட்டி மைக்கில் சொல்லுவார்.

வசனக் கடதாசியின் முதல் இரண்டு பக்கமும் நன்றாகப் போயின. தொலைபேசிக் காட்சி வந்தது.

"ஆண்நாட்டு அதிபரே, உமது அணுகுண்டைக் கீழே இறக்கும்," என்றா வசந்தாதேவி.

"பெண்நாட்டு அதிபரே, முதலில் உமது குண்டை அடுப்படியிலிருந்து வெளியே எடும்," என்றார் வேலப்போடி.

"உமது வார்த்தையை எப்படி நம்புவது?"

அது கடதாசியில் இருந்த வசனம். அடுத்தது அவருடைய வசனம். அவர் கண்ணாடியைச் சரி செய்து வாயெடுக்க முன்னம், விரிப்புக்கு இந்தப் பக்கமிருந்து அவ இன்னொன்று சொன்னா.

"ஆபத்து வந்த நேரம் நீங்க எதத் தூக்கிக்கிட்டு ஓடின ஆள் எண்டு ஊருக்கே தெரியும்."

விரிப்புக்கு அந்தப் பக்கம் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. "இது எத்தினையாம் பக்கம்?" என்று கேட்டார் வேலப்போடி.

நான் நிறுத்தச் சொல்லி எழும்பினேன். கிளோடியா அக்கா என் கையைப் பிடித்து இருத்தினா. வாயில் விரல் வைத்தா.

"பக்கம் இல்ல," என்றா வசந்தாதேவி. "பதில் இரிந்தாச் சொல்லுங்க."

கடதாசியை மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவருடைய குரல் வந்தது. வசனம் வாசித்த குரலல்ல.

"ஆண்நாட்டு அதிபர் ஏன் அதத் தூக்கினாரு எண்டு பெண்நாட்டு அதிபர் ஒரு நாளெண்டாலும் கேட்டாவா?"

"கேக்கிறதுக்கு என்ன இரிக்கி? முதுகத்தானே கண்டன்."

"நீ வீட்ட இல்லயெண்டு நினைச்சன்! அதுக்கு முதல் நாள் என்ன சொன்னாய்? வெள்ளாப்பில முதல் பஸ்ஸில கதிரவெளிக்கு அக்காட்டப் போறன் எண்டு சொன்னாயா இல்லயா?"

"மழை பெய்யாட்டிப் போறன் எண்டன்."

"மழை பெய்யல்லயே!"

"பெய்யப்போற மாதிரி இரிந்திச்சி!"

பிரட்லி அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. அவருக்குச் சண்டை என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். என்ன செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த கடதாசியில் முதலைக்கு எழுதியிருந்ததை எட்டி மைக்கில் வாசித்தார்: "இரு தரப்பினரும் நிதானம் காக்க வேண்டும்."

"நீங்க சும்மா இரிங்க!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிரட்லி அண்ணன் மூலைக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அறை இருண்டது. கொம்பியூட்டர் பற்றரியில் ஓடத் தொடங்கி, பீப், பீப் என்று கத்தியது. அவர்கள் அதைக் கவனிக்கவேயில்லை.

"அடுப்பில புகை வந்திச்சே. புகையக் கண்ணால காணல்லயா?"

"பனை உயரத்துக்குக் கடல் வருது. நான் அடுப்பையா பாக்கிற?"

"என்ஜினைப் பாத்தீங்களே."

"அது வழியில கிடந்திச்சி!"

"நானும் வழியிலதான் கிடந்தன். இருவத்தாறு வருசமா."

பீப்.

"சரி, அத விடுங்க," என்றா அவ. குரல் கீழே இறங்கிவிட்டது. "மூண்டு மணித்தியாலம் மரத்தில தொங்கினன். காலெல்லாம் முசுறு எறும்பு. நீங்க வந்து, மேல பாத்து, என்ன சொன்னீங்க?"

பீப். பீப்.

"சொல்லுங்க."

"என்ஜினுக்கு ஒண்டுமில்ல எண்டன்."

"ஏன்?"

"உன்னக் கண்டன்," என்றார் வேலப்போடி. "உசிரோட இரிக்காய். வாய் வரல்ல. கையில என்ஜின் இரிந்திச்சி. அதப்பத்திச் சொன்னன்."

அவர் சொல்லி முடிக்க முதலே பற்றரியும் முடிந்து, கொம்பியூட்டர் அணைந்திருந்தது. 

"தங்கச்சி, தண்ணி இரிக்கா?" என்று வசந்தாதேவி கேட்டா. தடவித் தடவி ஒரு கிளாஸ் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு, மீதியை விரிப்புக்குக் கீழால் அந்தப் பக்கம் தள்ளி வைத்தா.

நான் என்னவோ நடந்துவிட்டது என்று நினைத்து, பஸ் நிலையம் வரைக்கும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவ முன் சீட்டில் போய் இருந்தா. அவர் கடைசிச் சீட்டில். பஸ் போய்விட்டது.

கரண்ட் வந்த பிறகு பார்த்தோம். "வாய் வரல்ல" வரைக்கும் பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கிளோடியா அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "கலா, நீ எழுதின சீனைக் கிழிச்சிப் போடு," என்றா. எனக்குக் கொஞ்சம் ரோசம்தான். ஆனாலும் கிழித்தேன்.

இரண்டு அதிபர்களின் வாயையும் புதிதாக வரைய இரண்டு மாதம் எடுத்தது. பெண்நாட்டு அதிபர் மரத்தில் தொங்கிய கதையைச் சொல்லும்போது ரிசீவரை ஒரு காதிலிருந்து மற்றக் காதுக்கு மாற்ற மட்டும் நாற்பது படம் வரைந்தேன். ஆனால் அவர்களுடைய சம்மதம் இல்லாமல் இதை வெளியே விட முடியாது. மறுபடியும் மாங்கேணிக்குப் போனேன்.

"என்ட கதைய முழுசாப் போடுங்க," என்றா வசந்தாதேவி. "அவர்ட கதையில அரைவாசிய வெட்டுங்க."

"ஆடே, எனக்குக் கரண்ட்காரன் வெட்டினதே போதும்," என்றார் வேலப்போடி. "முக்கியமான இடம் அதிலதான் போயிட்டு."

"ஆடே, எது முக்கியமெண்டு கேட்டவங்களுக்குத் தெரியும்."

ஆடு கயிறு போகிற அளவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. கடைசியில் இரண்டு பேரும் ஒரு நிபந்தனையில் உடன்பட்டார்கள். படம் முதலில் மாங்கேணியில்தான் காட்டப்பட வேண்டும். வேறு ஊர்க்காரன் பார்த்துவிட்டு வந்து இவர்களுக்குச் சொல்லக்கூடாது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி. பாடசாலை மண்டபத்து யன்னல்களையெல்லாம் வெள்ளைத் தறப்பாளால் மூடியிருந்தோம். உள்ளே அடுப்புப் போல வெக்கை. நூற்றைம்பது பேர். வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். யாரும் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தார்கள். கொழும்பிலிருந்து நிறுவனத்தின் இணைப்பாளர் வந்திருந்தார். முன் வரிசையில் அவருக்கு மட்டும் கைபிடி வைத்த கதிரை. பிரட்லி அண்ணன் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பெரிய ஸ்பீக்கர் இரண்டைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்.

சாரன் பறிமுதல் காட்சிக்குப் பெண்கள் பக்கம் எழும்பி நின்று கைதட்டினார்கள். குண்டுக்குப் பெயர் வைக்கிற அமைச்சரவையைக் கண்டதும் இளையதம்பி, "நம்மட சங்கக் கூட்டம்!" என்று கத்தினார். தொலைபேசிக் காட்சி தொடங்கி மூன்றாவது வசனத்தில் ஊருக்கு விளங்கிவிட்டது. எல்லாத் தலைகளும் ஒருமுறை வேலப்போடியையும் ஒருமுறை வசந்தாதேவியையும் பார்த்தன. "நீங்க சும்மா இரிங்க!" என்று அதிபர்கள் முதலையை அதட்டியபோது ஒருவர் சிரித்துச் சிரித்து வாங்கிலிலிருந்து விழுந்தார். பிறகு மெல்ல மெல்லச் சிரிப்புக் குறைந்தது. மரம் வந்தபோது மண்டபத்தில் விசிறுகிற கடதாசிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"வாய் வரல்ல," என்றார் ஆண்நாட்டு அதிபர். இரண்டு விரல்கள் இரண்டு பொத்தான்களை அமத்தின.

அந்தக் குண்டுச் சத்தத்தைக் கிளோடியா அக்கா ஆறு சத்தங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிச் செய்திருந்தா. அதில் அவவுக்குப் பெரிய பெருமை. கல்யாண வீட்டு ஸ்பீக்கர் அதை அப்படியே கொடுத்தது. மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது.

நூற்றைம்பது பேரும் நிலத்தில்.

யாரும் யோசித்து விழவில்லை. ஒரு கணம் முன்னால் தலைகளாக இருந்த இடத்தில் முதுகுகள். தாய்மார் பிள்ளைகளை வாங்கிலுக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். நானும் நிலத்தில்தான் கிடந்தேன். குண்டை வரைந்தவள் நான். எந்த இடத்தில் வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை இரண்டும் தலைக்கு மேலே, கன்னம் சீமெந்தில்.

கிடந்தபடியே கண்டேன். செல்லடிக் காலத்தில் வேலப்போடிக்கு இடது காது மந்தமாகி, பெரிய சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது. அவர் மட்டும் என்ன நடந்தது என்று விளங்காமல் அரைவாசி எழும்பி நின்றார். பெண்கள் பக்கமிருந்து வசந்தாதேவி, குனிந்தபடி, கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி ஓடிப்போய், சேட்டுக் கொலரில் பிடித்து இழுத்து அவரைக் கீழே போட்டா. சேட்டுக் கிழிகிற சத்தம் முழு மண்டபத்துக்கும் கேட்டது.

"காது கேக்காட்டிக் கண்ணுமா தெரியாது?" என்று அவ கத்தினா. "ஊரே விழுந்து கிடக்கு, நீங்க மட்டும் பனை மாதிரி நிக்கிறீங்க!"

"நான் மட்டுமா நிண்டன்?" என்றார் வேலப்போடி, கீழே கிடந்தபடி. "அந்தா, முன்னுக்கு ஒத்தரு இரிக்காரே!"

எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம். கைபிடிக் கதிரையில் இணைப்பாளர் தண்ணீர்ப் போத்தலுடன் தனியாக இருந்தார். திரும்பித் திரும்பி வெறும் வாங்கில்களைப் பார்த்தார்.

"படம் முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

திரையில் புகை விலகி, முதலை தலையை நீட்டித் தொப்பியைச் சரிசெய்தது. "நடந்த சம்பவம் குறித்து ஆழ்ந்த கவலை அடைகிறேன்," என்று கொப்பியில் எழுதியது. நிலத்தில் கிடந்த யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தா. பிறகு எழும்பாமலே எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் அழுகிற மாதிரியும் இருந்தது அந்தச் சிரிப்பு. என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்ததும் இணைப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "முடிவை மாத்தினா நல்லது. ரெண்டு அதிபரும் கை கோத்து நிக்கிற மாதிரி."

பக்கத்தில் சேட்டைத் தைக்க ஊசி தேடிக்கொண்டிருந்த வசந்தாதேவி நிமிர்ந்தா. "என்னெண்டு தம்பி கை கோக்கிற? ரெண்டு பேரும் குண்டு போட்டுச் செத்திட்டாங்களே."

"அதுக்கு முதல்ல அம்மா, குண்டு போட முதல்."

"அதுக்கு முதல் கை கோக்கிற ஆக்களெண்டா, இந்தப் படம் என்னத்துக்கு?"

இணைப்பாளர் நேரத்தைப் பார்த்துவிட்டு வாகனத்தில் ஏறினார். முடிவு அப்படியே நின்றது. ஆனால் சத்தத்தை மாற்ற வேண்டும் என்பதில் எங்கள் மூன்று பேருக்கும் வேறு கருத்து இருக்கவில்லை. இன்னும் ஐந்து ஊரில் காட்ட இருந்தோம். படம் பார்க்க வந்தவர்களை நிலத்தில் போடுவதற்கு எங்களுக்கு என்ன உரிமை?

கிளோடியா அக்கா பத்து நாள் பாடுபட்டா. மேளம் வைத்துப் பார்த்தா. சைக்கிள் டியூப்பை வெடிக்க வைத்துப் பதிந்தா. பிரசர் குக்கர் விசிலைச் சேர்த்தா. மேளம் கோயில் திருவிழா மாதிரி இருந்தது. டியூப் வெடித்ததற்கு வீதியில் போன ஒருவர் சைக்கிளிலிருந்து குதித்து வீதியோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கிவிட்டார். சத்தமே இல்லாமல் விட்டால், கரண்ட் போய்விட்டது என்று நினைப்பார்கள்.

நான் போனில் வசந்தாதேவியிடம் சும்மா இதைச் சொன்னேன். "நாளைக்கு வாறம்," என்றா. "வாறன்" என்று சொல்லவில்லை என்பதைப் போனை வைத்த பிறகுதான் கவனித்தேன்.

பஸ்ஸிலிருந்து இரண்டு பேரும் ஒரே கதவால் இறங்கினார்கள். வேறு சீட் இருக்கவில்லை என்று அவ என்னிடம் தானாகவே விளக்கம் சொன்னா. வீதி முழுக்க இரண்டு பேரும் வாக்குவாதப்பட்டுக்கொண்டே வந்தார்கள். இளையதம்பி பிறகு சொன்னார்: படம் காட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் ஓயாத சத்தமாம், ஆறு வருடத்தின் மிச்சமெல்லாம் கிழமை வாரியாக வெளியே வருகிறதாம், பக்கத்து வீட்டுக்காரர் முந்திய காலம் நல்லது என்கிறாராம்.

"குண்டுச் சத்தத்த நாங்க வாயால போடுறம்," என்றார் வேலப்போடி.

"வாயாலயா?" என்றார் பிரட்லி அண்ணன்.

"எங்களுக்குத் தெரியாத குண்டா?" அவர் மைக்குக்கு முன்னால் போய் நின்று, நெஞ்சை நிறைத்து, "டமார்!" என்றார்.

"அது பட்டாசு," என்றா வசந்தாதேவி. "தள்ளி நில்லுங்க. முதல்ல தூரத்தில குத்துற சத்தம் ஒண்டு கேக்கும். டுப். அது கேட்டதும் எண்ணத் தொடங்கணும். மறுகா கூவி வரும். ஊஉஉஉ எண்டு. கிட்ட வரவரக் கூவல் மெலிசாகும். மறுகாத்தான் விழும்."

"அது ஆட்டிலறிக்கு. மல்டிபரல் அப்பிடியா? அது நாப்பது செல் ஒண்டாப் பறந்து வரும், தகரத்தில கல்லக் கொட்டின மாதிரி."

"கிபிர் பிளேன் வந்தா?"

"கிபிர் வந்தாக் குண்டு விழுந்த பிறகுதான் சத்தமே வரும்."

"இல்ல, முதல்ல வரும். நீங்க பங்கருக்குள்ள முதல்ல இறங்கின ஆள். உங்களுக்கு என்ன தெரியும்?"

"இடம் பிடிக்க இறங்கினன், உனக்கும் சேத்து!"

அவர்கள் பேசிக்கொண்டு போனது சமையல் பக்குவம் சொல்லுகிற மாதிரி இருந்தது. எது எவ்வளவு, எது முதலில், எது பிறகு. கிளோடியா அக்கா தலையைக் குனிந்து கொம்பியூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தா. அவ முகத்தை நான் பார்க்கவில்லை.

கடைசியில் பிரட்லி அண்ணன்தான் வழி சொன்னார். "ரெண்டு நாட்டுக்கும் ரெண்டு குண்டுதானே? ஆளுக்கொண்டு போடுங்க."

ஆண்நாட்டுக் குண்டு நீண்ட முழக்கம். நடுவில் வேலப்போடிக்கு இருமல் வந்தது. அதையும் விட்டுவிட்டோம், துருப்பிடித்த குண்டல்லவா. பெண்நாட்டுக் குண்டு ஒரு சின்ன டுப்பில் தொடங்கி, கூவி, கூவி, மெலிந்து, நாங்கள் எல்லோரும் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருக்க, வசந்தாதேவி கண்ணை மூடிக்கொண்டு, "தொம்" என்றா. மெதுவாகத்தான் சொன்னா. முதல் நாள் சங்கக் கட்டடத்தில் வசனம் சொன்ன அதே மாதிரி.

அடுத்த காட்சி கதிரவெளியில். அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனோம். குண்டு விழுகிற இடம் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, ஆட்களைத்தான் பார்த்தேன். டுப் என்றதும் சில தோள்கள் குறுகின. கூவல் நீண்டது. பிறகு அது மனித வாய் என்று பிடிபட்டது. ஒரு சிரிப்பு எழும்பிப் பின் வரிசை வரைக்கும் போனது. ஒருவரும் விழவில்லை.

படம் முடிந்ததும், பின்னால் இருந்து கட்டையான ஒரு மனிதர் எழும்பினார்.

"படம் நல்லம். ஆனா அந்தப் பொம்புளைட குண்டு பிழை. கூவல் அவ்வளவு நேரம் வராது. நான் எண்ணியிரிக்கன்."

"எத்தினை எண்ணினீங்க?" என்று வசந்தாதேவி எழும்பினா.

"பதினொண்டு."

"நீங்க எங்க நிண்டு எண்ணினீங்க? நாங்க மாங்கேணியில நிண்டு எண்ணினம். தூரம் வேற, கணக்கு வேற!"

"அவ சொல்றது சரி," என்று வேலப்போடியும் எழும்பினார், இடது காதில் கையை மடித்து வைத்துக்கொண்டு. "பதினெட்டு. நானும் கூட நிண்டனான்."

கதிரவெளிக்காரர்கள் நாலைந்து பேர் அந்த மனிதருக்குப் பின்னால் போய் நின்றார்கள். பதினொன்று, பதினெட்டு என்று மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கம் மாங்கேணிக்கு இரண்டே பேர்தான். அவர்கள் அசையவில்லை. நான் திரையைச் சுருட்டி, பிரட்லி அண்ணன் ஸ்பீக்கரைக் கழற்றி, எல்லாவற்றையும் வான் வண்டிக்குள் ஏற்றி முடித்த பிறகும் உள்ளேயிருந்து வசந்தாதேவியின் "ஊஉஉஉ" கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வேலப்போடி சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்.